கோழிக்கு நிப்பிள் வாளி: நல்லதுதான், அந்தச் சொட்டைத் தவிர

திருக்கோவிலில் இருக்கும் மச்சான் ஃபோன் எடுத்து, "கோழித்தீன் கடையில நிப்பிள் விலை இறங்கிக் கிடக்கு, வாங்கட்டா?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் நீண்டுகொண்டே போனது. இதையே வேறு ஆட்களும் கேட்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எப்படிச் செய்வது என்று சொல்லப் போவதில்லை. மூடியுள்ள பெயின்ற் வாளி, எஸ்லோன் (பிவிசி) பைப், சிவப்பு நிப்பிள்கள், அவ்வளவுதான். நிப்பிள் என்பது பைப்பின் கீழே தொங்கும் சின்ன முனை, அதன் கம்பியைக் கோழி கொத்தினால் தண்ணீர் வரும். வீடியோக்கள் நிறையக் கிடக்கின்றன. அவற்றில் காட்டாததைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எங்கள் ஆரையம்பதி வளவு முழுக்கக் கடற்கரை மணல். கோழி கிளறாமல் ஐந்து நிமிடம் நின்றால் அதற்கு ஏதோ வருத்தம் என்று அர்த்தம். பேசினில் தண்ணீர் வைத்த காலத்தில் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் மணலும் எச்சமும் முருங்கை இலையுமாகக் கிடக்கும். நிப்பிளில் அந்தக் கதையே இல்லை. மாரி காலத்தில் வளவுக்குள் தண்ணீர் தேங்கும் பாத்திரம் ஒன்று குறைகிறது. டெங்கு நேரத்தில் அது சின்ன விடயம் இல்லை.

கச்சான் என்ற சூட்டுக் காற்று வீசும் மாதங்களில்தான் இதன் அருமை தெரியும். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும், அப்போது தண்ணீர் மூச்சோடு போய்விடும். சாதாரண நாளில் கால் லீற்றர் அளவு குடிக்கும் பெரிய கோழி, அந்த வெயிலில் அதைப்போல இரண்டு மடங்கு குடிக்கும். முட்டையில் முக்கால்வாசி தண்ணீர்தானே, அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனாலே முட்டை குறையும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குக் குடும்பத்தோடு போய் பொழுதுபட வந்தாலும் வாளியில் தண்ணீர் மிச்சம் இருக்கும். விடியற்காலையில் அவை வரிசையாக நின்று, கழுத்தை நிமிர்த்தி, டிக் டிக் என்று அந்தக் கம்பியைக் கொத்தும் சத்தம் எனக்குப் பிடிக்கும். அதைக் கேட்காமல் பிளேன்டீ இறங்காது என்ற அளவுக்கு வந்துவிட்டது.

சரி, இனி அந்தச் சொட்டு.

நிப்பிளின் உள்ளே சின்ன ஸ்டீல் கம்பி ஒன்று தன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். கோழி கொத்தினால் அசைந்து தண்ணீர் விடும், விட்டதும் மூடிக்கொள்ள வேண்டும். அங்கே ஒரே ஒரு மணல் பருக்கை போய் உட்கார்ந்தால் போதும், மூடாது. மணல் இல்லாவிட்டால் உப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். கம்பியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து காய்ந்துவிடும். அப்புறம் பார்க்க வேண்டும்: கம்பி நுனியில் ஒரு துளி ஊறி, பெருத்து, கொஞ்ச நேரம் தொங்கி, விழும். உடனே அடுத்தது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் நாலு லீற்றர் நிலத்துக்குப் போகும். இருபது லீற்றர் வாளிக்கு அது பெரிய கணக்கு.

தண்ணீர் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கீழே மணல் நனைந்து சேறாகும். கோழிகள் அந்தச் சேற்றைக் கிளறிக் குழியாக்கும். குழியில் தண்ணீர் தேங்கும். தலைக்கு மேலே சுத்தமான தண்ணீர் வரிசையாகத் தொங்க, இவை குனிந்து அந்தக் குழியில் குடிக்கும்! ஈரத் தரையில் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் பிடிக்கும் என்பதால் கீழே ஒரு தட்டு வைத்தேன். இப்போது தட்டில் குடிக்கின்றன. மாமி படலையில் நின்று பார்த்துவிட்டு, "சிரட்டையில வச்சாலும் குடிக்கிற கோழிக்கு இதென்ன கா கூத்து?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல?

நியாயமாகப் பேசினால் நிப்பிளை மட்டும் குறை சொல்ல முடியாது. வாளி வாயில் துணி கட்டித் தண்ணீரை வடித்து ஊற்றினால் சொட்டுவது நன்றாகக் குறையும். உப்புப் படிந்ததை வினாகிரியில் ஒரு இரவு ஊறப்போட்டால் கழன்றுவிடும். நிப்பிள் சாயாமல் நேர்கீழே பார்த்து நிற்க வேண்டும். மூடியில் காற்றுக்கு ஒரு ஓட்டை போடாவிட்டால் தண்ணீர் இறங்காது. கூரைத் தாங்கியில் இருந்து நேரே பைப் இழுக்கவே வேண்டாம், அந்த அமுக்கத்தை இந்தச் சின்னக் கம்பி தாங்காது. வெயில் படுகிற பைப்பில் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும், கோழி தொடாது. நிழலில் கட்ட வேண்டும், முனை மூடியைத் திறந்து சூட்டுத் தண்ணீரை விட வேண்டும். பார்த்தீர்களா, வேலை மிச்சம் என்றுதான் இதை எல்லோரும் வாங்குகிறோம்.

தண்ணீரில் கலக்கும் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் நான் வாளியைப் பூட்டிவிட்டுப் பழைய பேசினைத்தான் எடுக்கிறேன். மருந்துத் தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிய வேண்டும். பைப்பில் தங்குவது வீண். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரும் அதற்கு ஆகாது, மருந்தைக் கொன்றுவிடும், கிணற்றுத் தண்ணீர்தான்.

மார்க்கு போடச் சொன்னால் பத்துக்கு மூன்று. இன்று காலையும் நடு நிப்பிள் சொட்டிக்கொண்டு நின்றது, அதனால் மூன்றுக்கு மேல் மனம் வரவில்லை. ஐந்தாறு கோழி உள்ளவர்கள் வாங்க வேண்டாம். அகலமான மண்சட்டி ஒன்றைக் கல்லின் மேல் உயர்த்தி வைத்து, காலையும் மாலையும் கழுவி ஊற்றினால் போதும். எனக்குச் சம்பளம் வந்ததும் இதைவிடப் பெரிய வாளி ஒன்று பார்க்க வேண்டும், பைப்பையும் ஒரு முழம் நீட்ட வேண்டும். குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, இருக்கிற நிப்பிள் போதாது.