500 யூனிட்டுக்கு இந்தப் பக்கம் இண்டக்‌ஷன், அந்தப் பக்கம் கேஸ்

புதிதாகக் குடித்தனம் வைக்கிறவர்களும் வீடு மாறுகிறவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "கேஸை விட்டுட்டு முழுக்க இண்டக்‌ஷனுக்கே போயிடலாமா?" சில வருஷங்களாக எங்கள் சமையலறையில் மூன்று பர்னர் கேஸ் அடுப்பும் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நாங்கள் நான்கு பேர். தென்சென்னைப் புறநகரில் இருக்கிறோம், மூன்று வேளையும் வீட்டுச் சமையல்தான். இந்த அனுபவத்தை வைத்து நான் சொல்லும் பதில், அடுப்புக் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டு இ.பி. பில்லை எடுத்துப் பாருங்கள் என்பதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. அதை முழுக்க எரித்தால் வரும் வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் நல்ல அடுப்பில்கூட அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகும், மீதி பக்கவாட்டில் போய்ச் சமையலறையைச் சூடாக்கும். இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடாவதால் 85 சதவீதம் போலச் சமையலுக்குக் கிடைக்கும். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் சுமார் 140 யூனிட்டில் செய்துவிடும். 2025 ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏறியபின் சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு ஆனது. ஆக, அந்த விலைக்கு ஒரு யூனிட் மின்சாரம் ஆறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரை இருந்தால் இண்டக்‌ஷன் லாபம், அதற்கு மேல் போனால் கேஸ் லாபம்.

தமிழ்நாட்டில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை ஐந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். 500-ஐத் தாண்டிய யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல். அது மட்டுமல்ல, 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கான பாதி விலைச் சலுகையும் போய்விடும். அதனால் அந்த ஒரே ஒரு யூனிட்டால் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் குதிக்கும். எங்கள் வீட்டில் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் முன்பு 280 யூனிட் போல வரும். சமையலில் பாதிக்கு மேல் இண்டக்‌ஷனுக்கு மாறிய பிறகு அது நானூறை ஒட்டி நிற்கிறது. ஒன்றரை மாதம் வந்த சிலிண்டர் மூன்றரை மாதத்துக்கு மேல் வருகிறது. கூட்டிக் கழித்தால் கையில் கொஞ்சம் மிச்சம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் ஏ.சி. ஓடும்போது இண்டக்‌ஷன் இல்லாமலேயே 500-க்கு அருகில் வந்துவிடுகிறோம். அந்த நேரத்தில் இதையும் சேர்த்து ஓட்டினால், மிச்சமாகும் கேஸைவிட நானூறு ரூபாய்க்கு மேல் அதிகமாக இ.பி.க்குப் போகிறது.

இதில் எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இண்டக்‌ஷன் மிகவும் தேவைப்படுவது அந்த வெயில் மாதங்களில்தான். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானச் சமையலுக்குக் கேஸ் பக்கத்தில் நிற்பது கொடுமை. சுடர் அணையும் என்று ஃபேன்கூடப் போட முடியாது. இண்டக்‌ஷனில் ஃபேனுக்குக் கீழே நின்று சமைக்கலாம், வியர்வை பாதியாகக் குறையும். எங்கள் வீட்டில் கடைசியில் எடுத்த முடிவு, பணம் போனாலும் பரவாயில்லை, மே மாதத்திலும் மத்தியானச் சமையல் இண்டக்‌ஷனில்தான். நிற்கிறவருடைய உடம்பும் ஒரு கணக்குத்தானே. காலையிலும் இரவிலும் கேஸ்.

அடுத்தது சமையல். சோறு, பருப்பு, பால் காய்ச்சுவது, வெந்நீர், இட்லி, காய் வேக வைப்பது, சுருக்கமாகத் தண்ணீர் கொதிக்கிற வேலை எல்லாவற்றுக்கும் இண்டக்‌ஷனுக்கு ஈடு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் மூன்று நிமிஷத்தில் கொதிக்கிறது. இட்லிக்கு டைமர் வைத்துவிட்டுக் குழந்தைக்குத் தலை வாரப் போகலாம், அதுவே அணைந்துவிடும்.

தாளிப்பில்தான் சிக்கல். தாளிப்புக் கரண்டியின் அடி சின்னது என்பதால், அடுப்பு அதைப் பாத்திரமாகவே எடுத்துக்கொள்ளாது, பீப் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்பூன் கடுகுக்குப் பெரிய வாணலியை வைத்து எண்ணெயை வீணாக்க வேண்டும். தோசைக்கல்லும் அப்படித்தான். இரும்புக்கல் நன்றாகச் சூடேறும், ஆனால் அடுப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் ஆறு ஏழு அங்குல அகலம், கல் பன்னிரண்டு அங்குலம். நடுவில் பொன்முறுகல், ஓரத்தில் வெள்ளை. குழந்தைகளுக்குச் சின்னத் தோசை என்றால் சரி. விருந்தாளி வந்தால் கேஸ்தான். அப்பளம் சுடுவது, துவையலுக்குக் கத்தரிக்காய் சுடுவது, சப்பாத்தியைத் தணலில் உப்ப விடுவது இதெல்லாம் சுடர் இல்லாமல் நடக்காது.

குறைந்த தீ விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களுடையது போன்ற சாதாரண விலை இண்டக்‌ஷனில் 300 வாட் வைத்தால் அது தொடர்ந்து 300 வாட்டில் ஓடாது. சில நொடி வேகமாகச் சூடாக்கும், சில நொடி நின்றுவிடும். ரசம் நுரைகட்டி வரும் பதத்தில் பிடித்து நிறுத்துவது கஷ்டம், கொதிக்கும், அடங்கும், மறுபடி கொதிக்கும். வத்தக்குழம்பு எண்ணெய் பிரிய நிதானமாகச் சுண்டுவதற்கும், பால்கோவா கிளறுவதற்கும் நாங்கள் கேஸையே நம்புகிறோம். என் மாமியார் முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டார், "ஏம்மா, தீயே கண்ணுக்குத் தெரியலையே, எவ்வளவு வெச்சிருக்கோம்னு எதைப் பார்த்துச் சொல்றது?" நாற்பது வருஷம் சுடரின் உயரத்தைப் பார்த்துச் சமைத்தவருக்கு 800, 1200 என்ற எண்கள் எதையும் சொல்லவில்லை. இப்போது அத்தை பால், சோறு, வெந்நீர் மூன்றுக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார். குழம்பு மட்டும் கேஸில்தான்.

பாத்திரம் ஒரு தனிச் செலவு. ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். ஒட்டினால் ஓடும், ஒட்டாவிட்டால் ஓடாது. அலுமினிய குக்கர், இண்டாலியம் சட்டி, பித்தளைப் பானை, மண்சட்டி, கல்சட்டி எல்லாம் அந்தச் சோதனையில் விழுந்துவிடும். ஈயச்சொம்பை இண்டக்‌ஷன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அடி குழிந்த வாணலியும் உதவாது. எங்களுக்குப் புதிதாகக் குக்கர், இட்லிப் பாத்திரம், தட்டை அடி வாணலி என்று வாங்கியதில் அடுப்பின் விலையைவிட அதிகம் ஆனது. எந்தப் பாத்திரமும் ஓடும் என்று சொல்லி இன்ஃப்ராரெட் அடுப்பு விற்கிறார்கள். ஓடும்தான், ஆனால் முதலில் கண்ணாடி சூடாகி, பிறகுதான் பாத்திரம் சூடாகும். கரண்டும் கூடுதலாக இழுக்கும், அணைத்த பிறகும் நெடுநேரம் கை வைக்க முடியாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பழுதும் பார்க்க வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கிய ஒரு மழை நாளில் எங்கள் இண்டக்‌ஷனின் உள் போர்டு போய்விட்டது. மாற்றுவதற்கு அடுப்பு விலையில் பாதி கேட்டார்கள். கேஸ் அடுப்பில் இத்தனை வருஷத்தில் பர்னர் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்ததும், ஐந்து வருஷம் ஆனதும் ரப்பர் டியூபை மாற்றியதும்தான் வேலை.

முழுக்க மின்சாரத்துக்குப் போகாதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் கரண்ட் கட். 2012-ல் மானிய விலையில் வருஷத்துக்கு ஆறு சிலிண்டர்தான் என்று அறிவித்தபோது ஊரெல்லாம் இண்டக்‌ஷன் வாங்கினார்கள். அதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் கடுமையான மின்வெட்டும் இருந்தது. அப்போது வாங்கிய பல அடுப்புகள் பரணில் ஏறின. இப்போது அந்த நிலை இல்லை, ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. தெருவில் தண்ணீர், வெளியே போக வழியில்லை. பாதி சிலிண்டர் இருந்ததால் வீட்டில் கஞ்சியும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு வெந்நீரும் கிடைத்தன. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், வீட்டில் சாதாரணமாக வைக்கிற இன்வெர்ட்டர் 2000 வாட்டைத் தாங்காது.

கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்ஸைடு வருகிறது, சுவாசத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல. ஆஸ்துமா உள்ள வீட்டில், ஜன்னல் இல்லாத சின்னச் சமையலறை என்றால், பணக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு இண்டக்‌ஷனை அதிகம் பயன்படுத்துவேன். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் ஓடும் இண்டக்‌ஷனிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள், அதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கேஸுக்கு இடம் விட்டு, மேடையின் மறுபக்கத்தில் இண்டக்‌ஷனுக்கென்று 16 ஆம்பியர் பிளக் ஒன்றைத் தனி ஒயரில் இழுக்கச் சொல்லுங்கள். 2000 வாட் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போட்ட சின்ன பிளக்கில் அதைச் செருகினால் பிளக் உருகும். வாடகை வீடு என்றால் குடிபோவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து சமையலறைப் பிளக்கையும் அதன் ஒயரையும் காட்டிவிடுங்கள்.