பழைய மைவிக்கு ஹாஃப்கட் எஞ்சினும் ஆட்டோ கியர்பாக்ஸும்: எதை நம்பி வாங்கலாம்?

கோலாலம்பூரை ஒட்டிய சுங்கை பூலோ, கெப்போங் பக்கத்து ஹாஃப்கட் கடைகளில் (வெளிநாட்டில் பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் இடங்கள்) முதல் தலைமுறை பெரோடுவா மைவிக்காரர்கள் தேடி வருவது இந்த ஜோடியைத்தான்: 1.3 லிட்டர் கே3-விஇ எஞ்சின், அதோடு 4 ஸ்பீட் ஆட்டோ கியர்பாக்ஸ். ஜப்பானில் டைஹாட்சு பூன், டொயோட்டா பாசோ கார்களிலிருந்து கழற்றி வருபவை. 2005-இல் வந்த மைவி அந்தக் கார்களின் உடன்பிறப்பு என்பதால் வெட்டி ஒட்டும் வேலை அதிகம் இருக்காது.

முதலிலேயே சொல்லிவிடலாம். எஞ்சினைத் தைரியமாக வாங்கலாம், கியர்பாக்ஸ் சூதாட்டம். எஞ்சின் தரையில் கிடக்கும்போதே தன் யோக்கியதையைக் காட்டிவிடும். கியர்பாக்ஸ் காரில் ஏறி, சூடாகி, ஃபெடரல் ஹைவே ஜாமில் நின்ற பிறகுதான் வாயைத் திறக்கும்.

எஞ்சினில் ஆயில் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கேம் ஷாஃப்ட் மேல் இளம் தேன் நிறம் இருந்தால் பரவாயில்லை. கரியாகக் கெட்டிப்பட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். அப்படிப்பட்ட எஞ்சினில் ஆயில் ரிங்குகள் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பழைய எஞ்சின் ஆயில் குடித்திருந்தால் அதுவும் பெரும்பாலும் அதனால்தான். தெர்மோஸ்டாட் வாயில் துரு தெரிந்தால் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி. கியர்பாக்ஸ் கழற்றாமல் இருந்தால் பேட்டரி கொடுத்துச் சுற்றவிட்டு கம்ப்ரெஷன் பாருங்கள்: நாலு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து. அதிகமான சிலிண்டருக்கும் குறைந்ததற்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இதற்குச் சம்மதிக்காத கடைக்காரரிடம் விலை பேசவே வேண்டாம்.

விலை கேட்கும்போது ‘கோசோங்’ (துணைச் சாமான் இல்லாத வெறும் எஞ்சின்) விலையா, ஆல்டர்னேட்டர், கம்ப்ரெஸர், இன்டேக் எல்லாம் சேர்த்தா என்று தெளிவாகக் கேளுங்கள். வயரிங்கும் ஈசியுவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) உங்கள் காரில் உள்ளதையே வைத்துக்கொள்வது நல்லது. சென்சார் சாக்கெட் பொருந்தாவிட்டால் பழைய எஞ்சினின் சென்சாரையோ இன்டேக்கையோ மாற்றிப் போட வேண்டியிருக்கும். அதனால் வேலை முடியும்வரை பழைய எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஏற்றுவதற்கு முன் மாற்ற வேண்டியவை: கிராங்க் ஆயில் சீல் முன்பக்கமும் பின்பக்கமும், வால்வ் கவர் கேஸ்கெட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட், பிளக், டிரைவ் ஷாஃப்ட் சீல். பின்பக்க சீல் மலிவான சாமான். ஆனால் ஏற்றிய பிறகு ஒழுகினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி உங்கள் தலையில். இன்னொன்று, ஜப்பான் எஞ்சினில் ஹீட்டர் குழாய்கள் இருக்கும். நம்மூர் கார்களில் பலவற்றில் ஹீட்டர் இல்லாததால் அவற்றை ரப்பர் மூடி போட்டு அடைப்பார்கள். பழைய மூடியையே மாட்டிவிட்டால் அது வெடித்து, கூலன்ட் போய், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். புது ஹோஸ், புது கிளிப் கேளுங்கள்.

கியர்பாக்ஸுக்கு வருவோம். ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் தொடவே வேண்டாம். நல்லதாகக் கிடைத்தாலும் இரண்டு இடத்தில் கெடுத்துவிடுவார்கள். ஒன்று, எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். கையால் சுற்றிச் சுற்றி அழுத்தினால் படிப்படியாக ‘டக்’கென்று உள்ளே இறங்க வேண்டும். முழுதாக உட்காராமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் உள்ளிருக்கும் பம்ப் நொறுங்கும். கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (கன்வெர்ட்டரை போல்ட் போட்டு மாட்டும் எஞ்சின் பக்கத் தட்டு) அதற்கும் நடுவில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது, ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர். பழைய கியர்பாக்ஸின் கிளட்ச் தூளும் இரும்புப் பொடியும் அதில்தான் தங்கியிருக்கும். கழுவாமல் குழாயை மாட்டினால் அந்தக் குப்பை நேராக ‘புது’ பெட்டியின் வால்வ் பாடிக்குள் (ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் பகுதி) போகும். கியர்பாக்ஸ் உள்ளே உடைந்து செத்திருந்தால் ரேடியேட்டரையே மாற்றுவது உத்தமம்.

ஆயில் ஊற்றிய பிறகு, எஞ்சின் ஓடும்போதே கியரை எல்லா இடத்துக்கும் தள்ளி, சூடான நிலையில் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றுங்கள். ஏனென்றால் ஒரு முறை வடித்தால் பாதி ஆயில் கன்வெர்ட்டரிலேயே நின்றுவிடும். கைக்காசு இருந்தால் கியர்பாக்ஸுக்கு மட்டும் ஹாஃப்கட்டை விட்டுவிட்டு, உங்கள் பெட்டியையே கிளட்ச் பிளேட், சீல் மாற்றி ஓவர்ஹால் செய்யும் கடைக்குக் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

கேரண்டி பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எஞ்சின் எண் கிரானில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) பதிவாவது. கியர்பாக்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாக்கில் உள்ள எண் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஏற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அது கண்ணுக்கு எட்டாது. ரசீதோடு சுங்கத்துறை கே1 (இறக்குமதி அறிவிப்பு) பாரத்தின் நகலும் கடையில் கேட்டு வாங்குங்கள். வாகனப் பரிசோதனை முடிந்து ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) எண்ணை மாற்றிய கையோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். பேங்க் லோன் இன்னும் ஓடுகிறதென்றால் முதலில் பேங்கிடம் கடிதம் வாங்குங்கள், எஞ்சினை அப்புறம் இறக்கலாம்.