மாம்பலத்தில் அடைத்த மூக்கு

போகிக்கு இரண்டு நாள் முன்னால் டொராண்டோவிலிருந்து மேற்கு மாம்பலத்தில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். விமானத்தின் வறண்ட காற்றிலேயே மூக்கு தகராறு ஆரம்பித்திருந்தது. மிச்சத்தைப் போகிப் புகை பார்த்துக்கொண்டது. டயர் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் சொல்கிறது. எங்கள் தெருவில் சிலருக்கு அது இன்னும் காதில் விழவில்லை. பொங்கலன்று நெய் வாசனைகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னாள். சித்தி பையன் சிரித்துக்கொண்டே போனைத் தட்டினான். பத்தே நிமிடத்தில் ஒரு பையன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று மூக்கு ஸ்ப்ரேயை நீட்டினான். அங்கே என்றால் இதற்குப் பனியில் காரைத் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஊர் எங்கேயோ போய்விட்டது!

மருந்தும் சளைத்ததில்லை. ஆக்ஸிமெட்டாசோலின் என்று போட்டிருந்தது. அடித்த சில நிமிடங்களில் மூக்கு திறந்து, அடுத்த வீட்டுக் காபி வரை மணத்தது. காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஆரம்பித்தது ஐந்தாம் நாள் நான்கு வேளையாகிவிட்டது. நள்ளிரவில் மூச்சு முட்டி விழிப்பு வரும், தலையணைக்கடியில் கை துழாவும். குப்பி தீரப்போகிறதே என்று தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். சீட்டும் கேட்கவில்லை, எத்தனை நாளாக என்றும் கேட்கவில்லை. கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கடையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கனடாவிலும் இதை யார் வேண்டுமானாலும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் இருந்த தாளை நானும் படிக்கவில்லை.

அன்று சாயங்காலமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். டோக்கன் 23. ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் இல்லாத டிவியில் சீரியல். உள்ளே போனதும் வயதான டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஸ்ப்ரே எத்தனை நாளாம்மா அடிக்கிறீங்க?"

ஆறு நாள் என்றேன். "மூணு நாளோட நிறுத்தியிருக்கணும்."

மூக்குக்குள் இருக்கும் சதை கடற்பஞ்சு மாதிரியாம். அதில் ரத்தக் குழாய்கள் நிறைந்து வீங்குவதுதான் அடைப்பு. இந்த மருந்து குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதன் வேகம் இறங்கியதும் அவை மறுபடி வீங்குகின்றன. நாள் கூடக் கூட இந்த வீக்கமும் அதிகமாகிறது. சளி போன பிறகும் அடைப்பு போகாது, ஏனென்றால் இப்போது அடைப்பதே மருந்துதான். இதற்கு ரைனிடிஸ் மெடிகமென்டோசா என்று பெயர். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குப்பியை விட முடியாதவர்கள் இருக்கிறார்களாம்.

அவர் சொன்ன வழி: முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் நிறுத்து, அது திறந்ததும் மறுபக்கம். கூடவே ஸ்டீராய்டு ஸ்ப்ரே. அது உடனே கேட்காது, சில நாள் ஆகும். அதையும் மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடிக்காமல், வெளிப்பக்கம் காதைப் பார்த்து அடிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவலாம். ஆனால் கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான். 2024-இல் கேரளத்து அமீபா மூளைக் காய்ச்சல் செய்தி வந்ததே, மூக்கு வழியாகப் போகும் தண்ணீர் விளையாட்டில்லை.

அம்மாவும் கூட வந்திருந்தாள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள், "நானும் ரெண்டு நாள் அடிச்சேன் டாக்டர்" என்று அங்கேதான் வாயைத் திறந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் கேட்காமல் இதைத் தொடக் கூடாதாம். அம்மாவுக்கு நல்ல திட்டு.

வீட்டுக்கு வந்தால், அண்ணன் பையன், மூன்று வயது, பழைய குப்பியைத் துப்பாக்கியாக்கிப் பூனையைச் சுட்டுக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பரண் மேல் வைத்தேன். ஒன்றிரண்டு மில்லி வயிற்றுக்குள் போனாலே குழந்தைகளுக்கு மயக்கமும் இதயத் துடிப்புக் குறைவும் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2012-லேயே எச்சரித்திருக்கிறது. இதைப் பிறகுதான் படித்தேன்.

முதல் மூன்று இரவு நரகம். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, அம்மாவின் நொச்சி ஆவியைத் தலைமேல் போர்வையோடு பிடித்தேன். சித்தி பையன் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் இடது மூக்கு தானாகத் திறந்தது. அடுத்த வாரம் வலதும்.

பிரிக்காத இரண்டாவது குப்பியைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். பில்லைப் பார்த்துவிட்டு, காசு தர முடியாது, பதிலுக்கு ஏதாவது வாங்கிக்குங்க என்றார்கள். தைலம் வாங்கினேன். கடைக்காரர் குப்பியை மறுபடி அலமாரியில் வைத்தபடி, "மேடம், இத ரெண்டாவது தடவ வாங்க வர்றவங்களத்தான் பாத்திருக்கேன். திருப்பிக் கொண்டாந்தது நீங்கதான்" என்றார்.