20 வயதில் டிஸ்லெக்சியா பரிசோதனை: வேலூர்ப் பக்கத்திலிருந்து எங்கே போவது?

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் என் தம்பி போர்டைப் பார்த்து பஸ் ஏறி நான் கண்டதில்லை. கண்டக்டரிடம் கேட்டுத்தான் ஏறுவான். 20 வயது, பி.காம். இரண்டாம் ஆண்டு. கணக்கை மனதிலேயே போட்டுவிடுவான். ஆனால் மூன்று மணி நேரத் தேர்வில் கேள்வித்தாளை வாசித்து முடிக்கவே அரை மணி நேரம் போய்விடும். பள்ளியில் மக்கு என்றார்கள். வீட்டில் சோம்பேறி என்றோம், நானும் சேர்ந்துதான். போன வருடம் அவன் கல்லூரியில் ஒரு பேராசிரியர், "இது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கம்மா" என்றார். புத்தி இருந்தும் வாசிப்பதும் எழுதுவதும் சிரமமாக இருக்கும் கற்றல் குறைபாடுதான் டிஸ்லெக்சியா. அவர் சொன்ன பிறகு எட்டு மாதம் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் இவனைப் போல் எத்தனையோ பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காவது அலைச்சல் குறையட்டும்.

கிளம்புவதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். வேண்டியது அறிக்கையா, சான்றிதழா? எனக்கு இந்த வித்தியாசமே மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. அறிக்கை என்பது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது இப்படிப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்ற உளவியல் நிபுணர், பரிசோதித்து எழுதித் தருவது. எங்கே சிக்கல், எதில் பலம், எப்படிப் படித்தால் ஏறும் என்றெல்லாம் அதில் இருக்கும். சான்றிதழ் என்பது அரசு மருத்துவக் குழு தருவது. யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), இடஒதுக்கீடு, அரசுத் தேர்வுச் சலுகை எல்லாவற்றுக்கும் அதுதான் செல்லும். தனியாரிடம் எவ்வளவு நல்ல அறிக்கை வாங்கினாலும் அது சான்றிதழ் ஆகாது. சான்றிதழில் ஒரு சதவீதமும் முத்திரையும் இருக்கும், ஆனால் பிள்ளை எப்படிப் படிக்க வேண்டும் என்று அது சொல்லாது.

சான்றிதழுக்கு வேலூர்க்காரர்கள் போக வேண்டியது அரசு வழி. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஆரணி ரோட்டில் பஸ் நிறைய. செலவு கிடையாது, காத்திருப்பு உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தபோதுதான் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு மாற்றுத்திறன் பட்டியலில் சேர்ந்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீட்டிலும், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டிலும் இடம் கேட்கலாம். தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் உண்டு. 40-க்குக் கீழே வந்தாலும் மனம் தளர வேண்டாம். தேர்வில் எழுத ஆள் கேட்டு விகாஷ் குமார் என்பவர் தொடுத்த வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கென்று 2022-இல் மத்திய அரசு தனி வழிகாட்டுதல் கொடுத்தது. அதற்கும் அரசு மருத்துவச் சான்று வேண்டும்.

இந்த வழியில் பெரிய சிக்கல் வயது. 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் சான்று தருவதற்கு 8, 14, 18 என்று மூன்று வயதுகளைச் சொன்னது. சிறு வயதிலேயே கண்டுபிடித்த பிள்ளையை மனதில் வைத்து எழுதியது அது. அது பரிசோதிக்கச் சொன்ன, பெங்களூர் மனநல நிறுவனமான நிமான்ஸின் தேர்வுத் தொகுப்பும் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக உருவானது. இருபது வயதுக்காரன் ஏழாம் வகுப்புப் பாடத்தைத் தப்பில்லாமல் வாசித்துவிடுவான். நான்கு மடங்கு நேரம் ஆனது என்பதைக் குறிக்க ஆள் இல்லாவிட்டால் "நல்லாத்தானே படிக்கிறான்" என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் வெறுங்கையோடு அங்கே போவதை நான் சொல்ல மாட்டேன்.

தனியார் மையங்களைப் பற்றி மனம் நொந்துதான் சொல்கிறேன். நாங்கள் முதலில் போன ஒரு மையத்தில் நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்தார்கள். ஐக்யூ பார்த்தார்கள், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள், பணம் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கம் கொடுத்தார்கள். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்த பையன் இவன். ஆங்கிலத்தில் தடுமாறினால் அது டிஸ்லெக்சியாவா, ஆங்கிலம் பழகாததா என்று எப்படித் தெரியும்? தமிழில் ஒரு வரிகூட வாசிக்கச் சொல்லவில்லை. நல்ல தனியார் நிபுணர்களும் இருக்கிறார்கள், நேரம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். தமிழிலும் பார்ப்பீர்களா, வாசிப்பு வேகத்தை அளப்பீர்களா, பெரியவர்களைப் பரிசோதித்துப் பழக்கம் உண்டா, இதையெல்லாம் போனிலேயே கேட்டுவிடுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பெரிய மருத்துவமனை வேண்டும் என்றால் நம் ஊரிலேயே சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. காட்பாடியிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். மனநலம் என்ற பெயரைப் பார்த்து எங்கள் அம்மா தயங்கினார், "பைத்தியம்னு சொல்லுவாங்கடி" என்றார். அந்தத் தயக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. சைக்யாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட் எல்லாரும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. டிஸ்லெக்சியாவோடு கவனக்குறைபாடோ மனப்பதற்றமோ சேர்ந்திருப்பது சகஜம். தனியாக ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் மட்டும் போனால் அதற்கு இன்னொரு இடம் தேட வேண்டிவரும்.

சென்னை, பெங்களூர் என்று சிலர் சொல்வார்கள். பெங்களூர் நிமான்ஸின் பெயருக்கு அறிமுகம் வேண்டாம். முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் உண்டு, ஆனால் அதன் வேலை பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றியே. எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் பரிசோதனை ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். பெங்களூர் போனால் மொழிச் சிக்கலும் வரலாம். உள்ளூரில் சரியான ஆள் கிடைக்காவிட்டால் மட்டும் காட்பாடியில் ரயில் ஏறுங்கள்.

நாங்கள் கடைசியில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அம்மாவிடம் இரண்டு நாள் போனோம். என்னையும் உள்ளே உட்கார விட்டார். "மிடகு", "தபிலோ" என்று அர்த்தமே இல்லாத சொற்களை அட்டையில் காட்டி வாசிக்கச் சொன்னார். தெரிந்த சொல்லை முதல் எழுத்தை வைத்து ஊகித்துவிடலாம், இதை ஊகிக்க முடியாது. தம்பியின் விரல் ஒவ்வொரு எழுத்தின் கீழும் நின்று நின்று நகர்ந்தது. நெற்றியில் வியர்வை. அப்புறம் ஒரு தமிழ்ப் பக்கம் கொடுத்தார். இரண்டே தப்புதான், ஆனால் ஸ்டாப்வாட்ச் நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. நான் அதை ஒரு நிமிடத்தில் வாசித்திருப்பேன். தமிழில் பெரும்பாலும் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம் என்பதால் டிஸ்லெக்சியா தப்பாக வெளிப்படுவதைவிட மெதுவாக வாசிப்பதாகத்தான் தெரியும், ஆங்கிலத்தில்தான் தப்பு குவியும் என்று அவர் விளக்கினார்.

பழைய நோட்டு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். அம்மா பரணிலிருந்து ஒரு அரிசிப் பையை இறக்கினார். ஐந்தாம் வகுப்புத் தமிழ் நோட்டு. ஒரே பக்கத்தில் பள்ளிகூடம், பல்லிக்கூடம், பளிக்கூட்டம் என்று மூன்று விதம். கீழே சிவப்பு மையில் "கவனம் தேவை". சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது என்றார். மதிப்பெண் அட்டை, நோட்டு எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

அதனால் என் கணக்கில் வரிசை இதுதான். உள்ளூரில் முழுப் பரிசோதனை, பாகாயமோ தமிழில் பார்க்கும் பதிவு பெற்ற தனியாரோ. கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், எப்படியும் கேட்பார்கள். அந்த அறிக்கை, பழைய நோட்டு, ஆதார், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு, யூடிஐடி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவக் குழு. அறிக்கையைப் பார்த்துத் தனிச் சலுகை தரும் கல்லூரிகளும் உண்டு, முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள். நெட்டில் பத்துக் கேள்வி கேட்டு டிஸ்லெக்சியா என்று சொல்லும் பக்கங்கள் சந்தேகத்தைக் கிளப்ப உதவும், அவ்வளவுதான்.

அறிக்கை ஆங்கிலத்தில் பதினோரு பக்கம் வந்தது. வாசிக்க முடியாதவன் கையில் பதினோரு பக்கம்! "மேடம், நீங்களே தமிழ்ல சொல்லுங்க, நான் ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்றான் தம்பி. அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அவன் போனை அம்மா பக்கத்தில் வைத்து அதைப் போட்டுக் காட்டினான். இடையில் இரண்டு முறை நிறுத்தி, அம்மாவுக்குப் புரியும்படி அவனே விளக்கினான்.