கோட்டேஷனில் ‘கழிவு’ என்று இருந்தது எங்கள் நிலைக்கதவுதான்

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீட்டை மராமத்துப் பார்க்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் வீட்டு வேலையை எடுத்துச் செய்த ஆளின் பெயரோ ஊர்ப் பெயரோ சொல்லப் போவதில்லை. கேஸ் போடுவதா வேண்டாமா என்று பங்காளிகள் இன்னும் முடிவுக்கு வரவில்லை, வக்கீலும் பெயர் போடாதே என்று சொல்லியிருக்கிறார்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். முகப்பில் ‘பரிதாபி வருஷம்’ என்று சுதையில் எழுதியிருக்கும், அதாவது 1912. முகப்பு, வளவு என்கிற முற்றக்கட்டு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற வீடு. பங்காளிக் குடும்பத்தைப் புள்ளி என்போம், வீடு ஆறு புள்ளிக்கும் பொது. இரண்டு பேர் சிங்கப்பூரில், ஒருவர் பெங்களூரில், மீதிப் பேர் சென்னையில். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கூடுவோம். மற்ற நாட்களில் பார்த்துக்கொள்ளும் அண்ணன் காலையில் திறந்து கூட்டிவிட்டு, சாயங்காலம் விளக்கேற்றிப் பூட்டுவார்.

இரண்டாம் கட்டில் ஓடு ஒழுகியது. அதைச் சரிபார்க்கத்தான் ஆள் தேடினோம். சொந்தத்தில் ஒருவர் சொல்லி வந்தவர் கையில் டேப்லெட்டில் ஒரு ஆல்பம். கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளின் படங்கள். அவர் வேலை பார்த்த வீடுகளா, ரோட்டில் நின்று எடுத்த படங்களா என்று நான் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் ‘ஹெரிட்டேஜ்’. “இது வீடு இல்லைண்ணே, ஹெரிட்டேஜ்ண்ணே, ஹெரிட்டேஜ் முறையிலதான் கை வைக்கணும்” என்றார். யுனெஸ்கோ பட்டியல் கதையும் வந்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அதனால் தனியார் வீட்டின் ஒரு ஓட்டுக்குக்கூடச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குக் கேட்க நன்றாக இருந்தது.

ஒன்பது லட்சத்துக்கு கோட்டேஷன். நாலு லட்சம் முன்பணம். மூன்று பக்கத்தில் முப்பத்திரண்டு வரி. எல்லா வரியையும் நாங்கள் படித்தோம், விலை இருந்த பக்கத்தை மட்டும் கவனமாக. இருபத்தெட்டாவது வரி இது: ‘பழுதடைந்த மரம், கல், இதர கழிவுகளை அப்புறப்படுத்துதல், வண்டிச் செலவு உட்பட, ரூ. 18,000.’

ஆடியில் வேலை ஆரம்பித்தது. பத்து நாளில் போன்: இரண்டாம் கட்டு வாசலின் நிலைச்சட்டத்தில் கரையான், கதவோடு கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் மருந்து அடிக்க வேண்டும், நாலு உத்திரமும் அப்படித்தான். சரி என்றேன். நான் சென்னையில் ஆபீஸில் இருந்தேன், மீட்டிங் நடுவில். வேறென்ன சொல்வது?

ஆவணி கடைசியில் நிலை திரும்பி வந்தது. வீடியோ காலில் பளபளவென்று இருந்தது. பங்காளிகள் குரூப்பில் கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. புரட்டாசியில் நேரில் போனேன். கும்பிடும்போதுதான் உறைத்தது.

எங்கள் பழைய நிலையில் மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளி. இடப்பக்கக் கிளி கொஞ்சம் தொப்பையாக இருக்கும். வலப்பக்கக் கிளிக்கு மூக்கு நுனி கிடையாது, சித்தப்பா சின்ன வயதில் பந்தால் அடித்து உடைத்தது. அப்பத்தா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே கல்யாணத்தன்றுகூட அவர் மானத்தை வாங்கினார். புது நிலையிலும் இரண்டு கிளி இருந்தது. இரண்டும் ஒரே கிளி. ஒரே தொப்பை, ஒரே மூக்கு, இறகில் ஒரே எண்ணிக்கைக் கோடு. மெஷினில் கடைந்தது. கைவேலையில் எந்த ஆசாரிக்கும் இரண்டு கிளி ஒன்றுபோல வராது.

சாவி மாட்டி வைத்திருந்த ஆணியில் பழைய சாவி தொங்கியது. ஒரு சாண் நீளம். அந்தப் பூட்டில் திருப்பினால் உள்ளே ‘டிங்’ என்று மணி அடிக்கும், திருடன் வந்தால் தெரிய. புதுக் கதவில் கடையில் வாங்கின பித்தளைப் பூட்டு.

கேட்டேன். ஆள் பதறவே இல்லை. “பழைய மரம் உளுத்துப்போச்சுண்ணே, அப்புறப்படுத்தியாச்சு. கோட்டேஷன்லயே போட்டிருக்கேன் பாருங்க.” பார்த்தேன். எங்கள் ஐயா காலத்து பர்மா தேக்கு நிலையும், இரட்டைக் கதவும், நாலு உத்திரமும் கழிவு. அதைத் தூக்கிக்கொண்டு போக வண்டிச் செலவையும் நாங்களே கொடுத்திருக்கிறோம்.

போலீசில் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். ‘நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே’ என்றார்கள், அதுவும் நியாயம்தான். வக்கீல் மட்டும் ஒரு வழி சொன்னார். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடம் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள். கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் அதில் சேரும். அதை வாங்கி விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. “நிலையோட போட்டோ இருக்கா?” என்று கேட்டார். ஆறு புள்ளியும் தேடினோம். வீட்டில் எத்தனையோ ஆயிரம் படம் இருக்கிறது, எல்லாம் மனிதர்கள். கடைசியில் கிடைத்தது 1978இல் அத்தை கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. அத்தை தலைக்குப் பின்னால் பாதி நிலை, அதிலும் பாதி தோரணம். மூக்குடைந்த கிளி மட்டும் எப்படியோ தெரிகிறது.

அந்தப் படத்தோடு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். பீங்கான் ஜாடி, எனாமல் தட்டு, தகரப் பெட்டி, கடவுள் படம், சுவரோரம் அடுக்கின தூண்கள். எத்தனை வீடு கலைந்து அங்கே வந்திருக்கிறது என்று பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. கடைக்காரர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு பெரியவர், “இந்த மாதிரி முழு நிலை தெருவுக்கு வராது தம்பி, வீட்டு வாசல்லயே லாரி ஏறிரும்” என்றார்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. சுவர் இருக்கிறதே.

வளவுச் சுவரில் கீழே கொஞ்சம் ஓதம் இருந்தது. இடுப்பளவுக்கு முட்டைப்பூச்சை அப்படியே கொத்தித் தள்ளிவிட்டு, சிமெண்ட் பூசி, மேலே பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துவிட்டார். முட்டைப்பூச்சு தெரியாதவர்களுக்கு: சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்து, பல அடுக்காகப் பூசி, மேலடுக்கில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவது. சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளையில் மத்தியானம் அந்தச் சுவரோரம்தான் படுப்போம்.

ஐப்பசி மழை ஆரம்பித்து மூன்று வாரத்தில் எமல்ஷன் கொப்புளம் கட்டியது. அது போகட்டும், பெயிண்ட்தானே. ஓதம் சிமெண்ட்டைத் தாண்டி மேலே ஏறி, நூறு வருஷமாக ஒன்றும் ஆகாத முட்டைப்பூச்சில் உப்புப் பூக்க ஆரம்பித்தது. விரலால் தொட்டால் மாவு. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏப்பா, சுவருக்கு பிளாஸ்டிக் சட்டை போட்டு விட்டியளாக்கும்” என்றார். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வயசான கொத்தனாரைக் கூட்டி வந்தோம். அவர் இன்னும் விளக்கமாகச் சொன்னார்: “சுண்ணாம்புச் சுவரு தண்ணியைக் குடிக்கும், வெயில் அடிச்சா வெளியே விட்டுரும். சிமெண்ட்டைப் பூசி வாயை அடைச்சிட்டா அது எங்கிட்டுப் போகும்? மேல ஏறும்.”

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் கட்டில் உடைந்திருந்த தளக்கல்லுக்கு ஆத்தங்குடிக் கல்தான் போட்டிருக்கிறார், நிஜமான கைவேலைக் கல். கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறம் ஊற்றி எடுப்பதால் வருகிற அந்த வழவழப்பு அப்படியே இருக்கிறது. இப்போதும் ஆத்தங்குடியில் செய்கிற கல் என்பதால் விலைக்குக் கிடைத்தது, போட்டுவிட்டார். கிடைக்காததைத்தான் எடுத்துக்கொண்டார். ஒழுகின ஓடு? மாற்றினார். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

நாலு சுற்றுப் பேச்சுக்குப் பிறகு அறுபதாயிரம் திருப்பிக் கொடுத்தார். ‘மன வருத்தம் வேண்டாம்னுதாண்ணே’ என்று சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் பங்கிலும் குற்றம் உண்டு. ஆறு புள்ளியில் ஒருவர்கூட வேலை நடந்தபோது ஊரில் போய் உட்காரவில்லை. பார்த்துக்கொள்ளும் அண்ணன் நிலை வண்டியில் ஏறுவதைப் பார்த்து எனக்குப் போன் பண்ணியிருக்கிறார். மிஸ்டு காலாக இருந்தது. திருப்பிக் கூப்பிடவில்லை.

இப்போது அந்தக் கொத்தனாரோடு எழுதியிருக்கும் ஒப்பந்தத்தில் ‘கழிவு’ என்ற வார்த்தையே கிடையாது. கழற்றுகிற மரமும் கல்லும், உளுத்ததோ உடைந்ததோ, மூன்றாம் கட்டில்தான் வைக்க வேண்டும். மருந்து அடிப்பதானால் வீட்டு முற்றத்தில் வைத்தே அடிக்க வேண்டும். சுவரில் சிமெண்ட் தொடக் கூடாது. முதலில் சுவரில் கொஞ்சம் இடம் மட்டும் பூசிக் காட்டி, ஒரு மழை பார்த்த பிறகுதான் மிச்சம். ஆறு புள்ளியும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், சிங்கப்பூர் அண்ணன்கள் ஸ்கேன் பண்ணி அனுப்பினார்கள். அதற்கு முன்னால் பெங்களூர்த் தம்பி இரண்டு நாள் லீவு போட்டு வந்து நிலை, தூண், உத்திரம், கதவு ஒவ்வொன்றையும் அன்றைய தினசரியைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்தான். உத்திரத்தின் மேல்பக்கம் சாக்பீஸில் நம்பரும் எழுதியாயிற்று. முன்னாலேயே இதைச் செய்திருந்தால் வக்கீலுக்கு அத்தை கல்யாணப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டாம்.

சிமெண்ட்டைக் கொத்தி எடுக்கும் வேலை தையில் ஆரம்பிக்கிறது.

அந்த நிலை எங்கேயாவது ஒரு ஹோட்டல் வாசலிலோ பங்களாவிலோ நின்றுகொண்டிருக்கும். கஜலட்சுமி, தொப்பைக் கிளி இடப்பக்கம், மூக்கில்லாத கிளி வலப்பக்கம், கதவில் ஒரு சாண் சாவி போகிற துவாரம். கண்ணில் பட்டால் கமெண்டில் சொல்லுங்கள். சாவி எங்களிடம் இருக்கிறது.