கன்னத்துக் கட்டி என்னவென்று கண்டுபிடித்துக் கொடுத்த ஸ்கேன் சென்டர்

ஐந்து நட்சத்திரமும் இங்கே ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் மேடத்துக்குத்தான்.

என் அம்மாவுக்கு வலது கன்னத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி, மெல்லும்போது வலி. பல்லில் சீழ் என்று ஒரு இடத்தில் மாத்திரை கொடுத்தார்கள். எச்சில் சுரப்பிக் கட்டியாக இருக்கும், அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள் இன்னொரு இடத்தில். அதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுக்கத்தான் இங்கே வந்தோம்.

மேடம் தோலுக்குக் கீழே நுணுக்கமாகக் காட்டும் சின்ன ப்ரோபை (தோலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) மாட்டிக்கொண்டார். அம்மாவைப் பல்லைக் கடிக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி கடிக்கச் சொன்னார். கட்டி சுரப்பியில் இல்லை, மெல்லும் தசைக்குள் இருக்கிறது என்று உறுதியானதும் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பாக, முட்டை வடிவத்தில் ஒரு நீர்ப்பை. அதன் உள்சுவரில் ஒட்டினாற்போல் வெள்ளையாக ஒரு புள்ளி. "அதுதான் தலை. இது பன்றி நாடாப்புழுவோட லார்வா, அதாவது இளம்புழு" என்றார்.

அம்மா ஆடிப்போய்விட்டார். முட்டைகூடத் தொடாதவர். மேடம் பொறுமையாக விளக்கினார்: சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடல் புழு. தசையில் கட்டி வருவது அந்தப் புழுவின் முட்டையால். குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து தண்ணீர், கழுவாத கை, பச்சைக் காய்கறி வழியாக அது யார் வயிற்றுக்கும் போகும். மூளையில் வந்தால் டாக்டர்களுக்குச் சட்டென்று பொறி தட்டும். கன்னம், நாக்கு, உதடு என்றால் தட்டாது.

மருந்து தொடங்குமுன் மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் கண் பரிசோதனையும் தேவை என்று ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தார். அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தில் லார்வா சாகும்போது சுற்றிலும் வீக்கம் கிளம்பும். மூளையில் ஒன்று ஒளிந்திருந்தால் வலிப்பு வரலாம், கண்ணில் இருந்தால் பார்வைக்கே ஆபத்து. நல்லவேளை, அம்மாவுக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை. அல்பெண்டசோலும், வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். கத்தி படாமலே கட்டி கரைந்தது. மறு ஸ்கேனில் அந்தப் பை இல்லை.

குறையும் உண்டு. சென்டர் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் பாடு திண்டாட்டம். சாயங்காலக் கூட்டத்தில் டோக்கன் நகரவே நகராது. முகத்திலோ கழுத்திலோ கையிலோ இன்னதென்று தெரியாத கட்டி இருந்தால், அறுக்கச் சம்மதிக்கும் முன் இங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள். மேடம் இருக்கும் நேரத்தை மட்டும் போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.