கனவுத் தோற்றம்: மங்கலாக்குவது பாதி வேலைதான்

வீடியோவில் மென்மையான, கனவு போன்ற தோற்றம் வேண்டுமென்றதும் பலர் முழு கிளிப்பையும் மங்கலாக்கிவிடுகிறார்கள். ஃபோகஸ் தவறிய காட்சி போலத்தான் அது வந்து நிற்கும். அடியில் இருக்கும் படம் கூர்மையாகவே இருக்க வேண்டும். வெளிச்சமான பகுதிகளிலிருந்து மட்டும் ஒளி கசிய வேண்டும்.

பிரீமியர் புரோ என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் நீண்ட காலமாகக் கைகொடுக்கும் வழி இது: கிளிப்பை நகலெடுத்து மேல் டிராக்கில் (டைம்லைனின் மேல் அடுக்கில்) வையுங்கள். லுமெட்ரி கர்வ்ஸில் (ஒளி அளவை மாற்றும் வளைகோட்டுக் கருவியில்) ஹைலைட், அதாவது மிக வெளிச்சமான பகுதி, தவிர மற்றதெல்லாம் கருப்பாகும்வரை இறக்குங்கள். அதற்குப் பிறகே காசியன் பிளர் என்ற மங்கலாக்கும் எஃபெக்ட், கூடவே 'ரிப்பீட் எட்ஜ் பிக்சல்ஸ்' டிக். இல்லாவிட்டால் ஃபிரேம் ஓரம் இருண்டுபோகும். பிளெண்ட் மோடு (மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு கலக்கும் முறை) ஸ்கிரீன், ஒபாசிட்டி (மேல் அடுக்கு தெரியும் அளவு) 20 முதல் 35 சதவீதம். ஸ்கிரீனில் கருப்பு எதையும் கூட்டாது என்பதால் நிழல் வெளுக்காது. வரிசை மாறி பிளர் முதலில் வந்தால் கசிவின் விளிம்பு வெட்டியதுபோல் தெரியும். 1080 ரெசல்யூஷனில் 40 வைத்த பிளருக்கு 4கே-யில் ஏறக்குறைய இரு மடங்கு தேவைப்படும், ஏனென்றால் அது பிக்சல் கணக்கு.

டாவின்சி ரிசால்வ் என்ற மற்றொரு எடிட்டிங் மென்பொருளில் குளோ (ஒளிக்கசிவு) எஃபெக்டால் இதே வேலை இன்னும் இயல்பாக வருகிறது. லாக் ஃபுட்டேஜ் (வெளிறிய தோற்றத்தில் பதிவான காட்சி) என்றால், அதை ரெக்.709-க்கு, அதாவது வழக்கமான திரை நிறத்துக்கு, மாற்றும் நோடுக்கு (திருத்தப் படிக்கு) முன்னால் குளோவை வையுங்கள். சருமத்துக்கு மிட்டோன் டீட்டெயிலை (நடுத்தர ஒளிப் பகுதிகளின் நுணுக்கத்தை) மைனஸ் 20, 30 வரை இறக்கலாம். அதைத் தாண்டினால் முகம் மெழுகாகிவிடும், கண்ணிமையின் கூர்மையும் போய்விடும்.

எடிட்டிங்கால் ஈடுகட்ட முடியாத ஓர் இடம் உண்டு. லென்ஸில் மாட்டும் மிஸ்ட் ஃபில்டர், சென்சாரை எட்டுமுன்பே ஒளியைப் பரப்புகிறது. விளக்கின் நிறமும் சேர்ந்தே பரவும். படத்தில் அதிக ஒளியால் ஏற்கெனவே வெள்ளையாகிவிட்ட மஞ்சள் விளக்கிலிருந்து எடிட்டிங்கில் வெள்ளைக் கசிவுதான் கிடைக்கும். மேல் லேயருக்கு லேசாக ஆரஞ்சு சாயம் கொடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். படமெடுக்கும்போதே ஹைலைட்டைக் காப்பாற்றுவதுதான் நல்லது.

அடிக்கடி வரும் தொல்லை பேண்டிங். 8 பிட் ஃபுட்டேஜில் (நிறப் படிகள் குறைவாகப் பதிவான காட்சியில்) வானமும் வெற்றுச் சுவரும் பட்டை பட்டையாகப் பிரியும். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய கிரெயின் (ஃபிலிம் போன்ற புள்ளி இரைச்சல்) போட்டால் அடங்கும். ஆனால் குறைந்த பிட்ரேட்டில் (ஒரு வினாடிக்கு ஒதுக்கும் தரவு அளவில்) ஏற்றுமதி செய்தால் அந்தக் கிரெயின் கரைந்து பட்டைகள் திரும்பிவிடும். ஆகவே இந்தத் தோற்றத்துக்கு மட்டும் பிட்ரேட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள்.